உன் ஊரை இடித்தார்கள், பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படியும் கேட்பாய் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஆனால் விஷயம் அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் ஹாங்காங்கை இரண்டு பூதங்கள் சேர்ந்து இடித்தன. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

எதிர்வீட்டுப் பையன், மூன்றாம் வகுப்பு படிக்கிறானே, அவன் சாப்பிட்ட கையோடு வந்து டிவியில் ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ போடச் சொன்னான். ராட்சதப் பல்லி காட்ஸில்லாவும் ராட்சதக் கொரில்லா காங்கும் மோதுகிற, 2021இல் வந்த படம், தமிழிலேயே பேசுகிறது. அரைமணி நேரம் துணைக்கு உட்கார்ந்துவிட்டுக் கண்ணயரலாம் என்று நினைத்தேன். கடைசியில் காப்பிக்கு வைத்த பால் பொங்கி அடுப்படியெல்லாம் வழிந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.

கதையை மட்டும் கேட்காதே. மனிதர்கள் வரும் காட்சிகளில் பையன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய படத்தில் உயிரைக் கொடுத்த விஞ்ஞானியின் மகன் இதில் வில்லன் பக்கம் நிற்கிறான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. உலகத்தை அழிக்க வந்த இயந்திரக் காட்ஸில்லாவை, கணினி மேடையில் ஒரு குப்பி மதுவை ஊற்றித் தடுமாற வைக்கிறார்கள். அத்தனை மாடி சரிந்தும் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்திய கை சும்மா இருக்குமா? காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். காங்கின் உயரம் 102 மீட்டர், காட்ஸில்லா 120. நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றி வைத்தால் காட்ஸில்லாவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நிஜக் கொரில்லாவுக்கு 1.7 மீட்டர் உயரம், 160 கிலோ எடை என்று வைத்துக்கொள். உயரம் 60 மடங்கானால் அகலமும் தடிமனும் அதே அளவு கூடும், எடை 60×60×60, அதாவது 2,16,000 மடங்கு. கிட்டத்தட்ட 35,000 டன்! தாங்குகிற எலும்பின் குறுக்குப் பரப்போ 60×60, அதாவது 3,600 மடங்குதான் கூடும். ஓர் அடி எடுத்து வைத்தால் தொடையெலும்பு முருங்கைக்காய் போல முறியும். கலிலியோ 1638இலேயே எலும்பின் படம் போட்டு விளக்கிய சங்கதி இது.

பூமிக்கு உள்ளே இன்னோர் உலகம் இருக்கிறது என்கிறார்கள். இதற்குப் படக்காரர்களை மட்டும் திட்ட முடியாது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஹாலியே 1692இல் பூமிக்குள் கூடு கூடாக ஓடுகள் இருக்கின்றன என்று எழுதியவர். 1798இல் கேவண்டிஷ் பூமியின் அடர்த்தியை அளந்து காட்டினார். மேலே கிடக்கும் பாறையைப் போல இரண்டு மடங்கு. உள்ளே பொந்து இருந்தால் இந்தக் கணக்கு எப்படி வரும்? காட்ஸில்லாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஹாங்காங் தெருவில் நின்றபடியே நெருப்பை உமிழ்ந்து பாதாளம் வரை துளை போடுகிறது. காங் அந்தத் துளை வழியாகவே ஏறி வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நான் “அது ஏறி வருகிறது” என்றேன். “அது இல்லை பாட்டி, அவர் ராஜா” என்று பையன் திருத்தினான். சரி, அவர்.

அவரைச் சங்கிலியால் கட்டிக் கப்பலில் கொண்டுபோகும்போது ஒரு காட்சி வருகிறது. நல்ல மழை. காது கேளாத ஒரு சிறுமி அவர் முன்னால் வந்து நிற்கிறாள். நடித்த பெண்ணுக்கும் நிஜமாகவே காது கேட்காதாம். அவள் சைகையில்தான் பேசுவாள். அந்த மலை போன்ற உருவம் மெதுவாகக் கையைத் தூக்கி, அவள் கற்றுக்கொடுத்த சைகையில் ‘வீடு’ என்கிறது. ஈர ரோமத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வசனம் கிடையாது. மின்விசிறியைக் குறைப்பதுபோல எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போகட்டும்.

அடுத்த நிமிடமே காட்ஸில்லா வந்துவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்க, காங் கையை ஓங்கி முகத்தில் ஒரு குத்து விட்டார். 35,000 டன் ஒரு விளிம்பில் ஏறினால் கப்பல் என்ன பாடுபடும் என்று கணக்குப் போடப் போனவள், பையனோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாங்காங் சண்டையைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். என்னை அங்கே கூட்டிப்போனபோது, பழைய நியான் பலகைகளைக் கழற்றுகிறார்கள் என்று வருத்தப்பட்டாயே, இந்தப் படத்தில் நகரமே நீலமும் ரோஜாவுமாக எரிகிறது. கட்டடங்களின் விளிம்பெல்லாம் விளக்கு. இருட்டில் எந்த வால், எந்தக் கை என்று குழம்பவே இல்லை. நாம் படகில் கடந்த துறைமுகத்தைத் தேடினேன். உன் அலுவலகத்தையும் தேடினேன். அதற்குள் ஒரு கோபுரம் சரிந்து புழுதி மறைத்துவிட்டது.

படம் முடிந்ததும் பையன் கேட்டான்: “பாட்டி, இவர் நம் ஊருக்கு வந்தால்?”

எனக்குத் திக்கென்றது. 1998இல், உனக்கு எட்டு வயது, காட்ஸில்லா நியூயார்க்குக்கு வந்த படத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேன். இடைவேளையில் முறுக்கும் கையுமாக நீ இதே கேள்வியைக் கேட்டாய். டிக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த எலும்புக் கணக்கைப் போட்டு, “வராது, அதனால் நிற்கவே முடியாது” என்றேன். பயம் தெளியட்டும் என்றுதான் சொன்னேன். நீ அப்புறம் பேசவே இல்லை. பாதி முறுக்கு அப்படியே வீட்டுக்கு வந்தது. நீ பயந்து கேட்கவில்லை, ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாய் என்பது இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

காலண்டர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். “வந்தால் எங்கே தங்க வைப்பது?” என்று அவனைக் கேட்டேன். புது ஆற்றில் குளிக்கலாம் என்றான். கணுக்கால்கூட நனையாதே என்றேன். அப்படியென்றால் கல்லணைக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். சாப்பாட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை, நாளைக்கு வருகிறானாம்.

நீ அந்தப் படத்தை மறுபடி பார்த்து, உன் கட்டடம் எந்தப் பக்கம் என்று வட்டம் போட்டு அனுப்பு. இடிந்த வரிசையா, தப்பித்த வரிசையா என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா