சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் போனில் பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் நம் இருவர் குரலும் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த அன்று, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் அளவுக்கு வியர்த்திருந்தது. கை நடுங்குகிறது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் படுத்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 58, ரொம்பக் குறைவு.

சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் குட்டிக் குட்டி ஸ்வீட்னர் பாக்கெட்டுகள். பதற்றத்தில் அம்மா நாலைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கிவிட்டாள். இனித்தது, சரி. ஆனால் இறங்கிப்போன சுகரை ஏற்றும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? நல்லவேளை, உன் மகளின் பள்ளிக்கூடப் பையில் மறுநாளைக்கு எடுத்து வைத்திருந்த ஜூஸ் டப்பா கிடைத்தது. 200 மில்லி. அப்பா அதைக் குடித்துக் கால் மணி நேரத்தில் 87. “என்ன எல்லோரும் முழிச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

அவரைக் கொஞ்சம் சாப்பிட வைத்துத் தூங்க அனுப்பியபிறகு அந்தக் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்பக்கம் பொடி எழுத்தில், 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை. அப்படியானால் ஒரு டப்பாவில் 22 கிராம், ஐந்து டீஸ்பூனுக்கு மேல். இரண்டுமே உண்மைதான். அவர்கள் சேர்க்கவில்லை, பழத்திலேயே இருந்தது. பிழிந்தபோது நார் போய்விட்டது, மெல்லும் வேலையும் போய்விட்டது. இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை நாலு மடக்கில் உள்ளே போகிறது. முழுப் பழமாக இருந்தால் குழந்தை ஒன்றோடு நிறுத்தியிருப்பாள்.

அப்பாவை அவ்வளவு வேகமாகத் தூக்கி உட்கார வைத்ததே, அதைத்தான் ‘ஆரோக்கியம்’ என்று தினமும் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்புகிறாய். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில் தேன், பாகு, பழச்சாறு எல்லாமே சர்க்கரை வரவில்தான் சேரும். முழுப் பழம் சேராது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறார்கள். இவளுக்கு ஏழு வயது.

உன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோய் டப்பாவைத் தூக்கிப் போட்டாய். ஆனால் நீ விரட்டியது கண்ணுக்குத் தெரிந்த சர்க்கரையை மட்டும். கெட்சப்பில், பழச்சுவைத் தயிரில், காலையில் பாலில் கொட்டிச் சாப்பிடும் சீரியலில் இருப்பது அப்படியே இருக்கிறது. சர்க்கரையையே டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட் என்று மூன்று நான்கு பெயரில் பிரித்துப் போட்டால், பாக்கெட்டின் பின்னால் அளவு வரிசையில் எழுதும் பட்டியலில் எதுவுமே முதலிடத்துக்கு வராது. ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் என்று ஒரு டின் வைத்திருக்கிறாயே, அது பெரும்பாலும் மாவு. மாவு வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். அப்பா அதை ஆறு ஆறாக எடுத்துச் சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில்.

ஸ்வீட்னருக்கு வருகிறேன். அது விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்பவில்லை. பல ஸ்வீட்னர்களில் இருக்கும் அஸ்பார்டேமை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு’ என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. அதே சமயம், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய தினசரி வரம்பை யாரும் மாற்றவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட டயட் குளிர்பானம் ஒன்பது கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். அதனால் அப்பா டீயில் ஒரு பாக்கெட் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நீயும் பிள்ளையும் எதற்கு? உடம்பு இளைக்க ஸ்வீட்னரை நம்பாதீர்கள் என்று அதே 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. அப்பா வேறு, நீங்கள் வேறு. அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. அந்த இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு ஆப்பிள் எப்படி ருசிக்கும்?

நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைத்தேன். நடுவில் ஒரு மாதம் ஒன்றிலேயே நின்றுவிட்டேன், எரிச்சலாக வந்தது. இப்போது அரை ஸ்பூன். போன மாதம் யாரோ பழைய அளவில் போட்டுக் கொடுத்தார்கள், பாகைக் குடிப்பது போலிருந்தது.

அப்புறம், வீட்டில் இன்னொரு குழந்தை வரப்போகிறது. 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வை உனக்காகவே எடுத்து வைத்திருந்தேன். பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. அதற்குமுன் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் போலத்தான் கிடைத்திருக்கிறது. முடிந்ததும் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் அந்த ரேஷனுக்குள் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்திருக்கிறது. ரேஷனிலும் சர்க்கரை இருந்தது, கவனி. யாரும் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, அளவுதான் குறைவு.

அப்பாவின் மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். அன்று ராத்திரி நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், முடிந்தால் நீயும் வா.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை வைத்திருக்கிறேன். ‘70க்குக் கீழே போனால், தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால், தண்ணீரில் மூன்று நாலு ஸ்பூன். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா