மறுக்கவும் ஒரு பொத்தான் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இணையதளங்கள் நம் தனிப்பட்ட தகவல்களைக் கையாளும் விதம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, தனியுரிமைக் கொள்கையைப் படிக்காமல் ஒப்புதல் தருவது பயனரின் அலட்சியமே என்று முடிந்திருந்தது. அந்தப் பழியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற வாரம் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தபோது, பாதித் திரையை மறைத்துக்கொண்டு, குக்கிகளுக்கு, அதாவது தளங்கள் நம் கருவியில் சேமித்து வைக்கும் சிறு தகவல் துணுக்குகளுக்கு, ஒப்புதல் கேட்டு ஓர் அறிவிப்பு வந்து நின்றது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பளிச்சென்ற பச்சைப் பொத்தானில் இருந்தது. மறுப்பு என்ற சொல்லே கண்ணில் படவில்லை. மங்கிய சாம்பல் எழுத்திலிருந்த 'அமைப்புகள்' என்பதைத் தட்டிய பிறகு ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. அதில் 'ஒப்புதல்' என்ற வரிசை முழுவதும் அணைந்திருக்க, பக்கத்திலேயே 'நியாயமான நலன்' என்ற பெயரில், அதாவது தன் தேவைக்காக நம் ஒப்புதல் இல்லாமலே தகவலைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளும் காரணத்தின் பெயரில், இன்னொரு வரிசை, ஒவ்வொரு விளம்பர நிறுவனத்துக்கும் நேராக, முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்த நான், நாற்பதைத் தாண்டியதும் சலித்துப்போய்ப் பச்சைப் பொத்தானையே அழுத்திவிட்டேன். (எந்தச் செய்தியைத் தேடிப் போனேன் என்பதும் அதற்குள் மறந்துவிட்டது.) இப்படி அலுக்கவைத்து வாங்கியதையும் அத்தளம் என் ஒப்புதல் என்றுதான் பதிந்து வைத்திருக்கும்.

குக்கியின் மேல் எனக்குக் கோபமில்லை. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற நிரலாளர் அதை உருவாக்கியது, வந்தவர் யார் என்பதைத் தளம் அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்திருப்பதற்காகத்தான். நாம் திறக்காத வேறு நிறுவனங்களின் குக்கிகளும் அதே பக்கத்தின் வழியே நம் கருவியில் ஏறிக்கொள்வதுதான் சிக்கல். ஒரே நிறுவனத்தின் நிரல் பல தளங்களில் இருக்கும்போது, ஓரிடத்தில் நாம் நோயைப் பற்றிப் படித்ததும் மற்றோரிடத்தில் கடனைப் பற்றித் தேடியதும் ஒரே அடையாள எண்ணின் கீழ்ச் சேர்ந்துவிடுகின்றன. 'உங்கள் தகவலை விற்பதில்லை' என்று உறுதியளிக்கும் கொள்கை அறிக்கைகள் சில, அடுத்த பத்தியிலேயே 'கூட்டாளிகளுடன் பகிர்கிறோம்' என்கின்றன. அந்தக் கூட்டாளிகள் நமக்குக் கூட்டாளிகள் அல்லர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. முன்பே குறியிட்டு வைத்த கட்டம் ஒப்புதலாகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரு சொடுக்கும் மறுக்கப் பல சொடுக்குகளும் வைத்ததற்காக, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சில மாதங்களிலேயே 'அனைத்தையும் நிராகரி' என்ற பொத்தானை ஐரோப்பாவில் கூகுள் கொண்டுவந்தது. அதுவரை முடியாமல் இருந்தது தொழில்நுட்பத்தால் அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது.

கட்டுரையாளர் இதைப் பற்றி மீண்டும் எழுதுவதாக இருந்தால், தங்கள் இதழின் இணையப் பதிப்பை ஒருமுறை புதிதாகத் திறந்து, மறுப்பதற்கு எத்தனை சொடுக்குகள் ஆகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்