ஹோட்டன் சமவெளிக்குச் சிறு பிள்ளைகளை அழைத்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் வேன் சாரதிகளுக்கும் உங்களை நம்பிப் பிள்ளைகளோடு ஏறும் பெற்றோருக்கும் வணக்கம்.

பாடசாலை விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வேன்கள் நுவரெலியா ஏறுகின்றன. பயணத் திட்டத்தில், மலை உச்சித் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்கு ஒரே வரிதான்: ஆறு மணிக்கு வாயில், ஒன்பதுக்குள் உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு, பத்தரைக்கு வேன். வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சரி. நாலு வயதுப் பிள்ளை ஒன்று கூட வந்தால் பிழை. அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தூரத்தைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து உலக முடிவுக்கு ஏறத்தாழ 4 கிலோமீற்றர், அங்கிருந்து பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு 2, பிறகு திரும்பி வர 3.5. ஒரு சுற்று 9.5 கிலோமீற்றர். வளர்ந்தவர் மூன்று மணி நேரத்தில் முடிப்பார். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளை, கல்லைப் பொறுக்கி, தண்ணீரை எட்டிப் பார்த்து, இரண்டு தடவை அழுது, மணிக்கு ஒன்றரை கிலோமீற்றர் நடந்தால் அது நல்ல நடை. அந்தக் கணக்கில் சுற்று முழுவதுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆறரைக்குப் புறப்பட்டாலும் உலக முடிவுக்குப் போய்ச் சேர ஒன்பது தாண்டிவிடும். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் பெரும்பாலான நாட்களில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். இதைப் பெற்றோரிடம் முதலே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது? எட்டு மணிக்கே ஒருவர் "கெதியா நட, கெதியா நட" என்று பிள்ளையை இழுக்கத் தொடங்குகிறார். மழை அரித்த பாதையில் உருளும் கற்களும் புடைத்த வேர்களும் இருக்கின்றன. இழுபடும் பிள்ளை காலடியைப் பார்ப்பதில்லை. அங்கேதான் முழங்கால் உடைகிறது.

ஆகவே, அடுத்த திட்டத்தில் சேருமிடத்தை எழுதுவதற்கு முன் திரும்பும் நேரத்தை எழுதுங்கள். காலை எட்டேகால் ஆனதும், நிற்கும் இடம் எதுவானாலும், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்த வழியே திரும்ப வேண்டும். வழியில் வரும், சிறிய உலக முடிவு என்ற முதல் விளிம்பு வரை போய்த் திரும்பினாலே அவர்களுக்கு நிறைந்த நாள். பிள்ளைக்குப் பள்ளத்தாக்குக் காட்சி பெரிதில்லை. மரத்தில் தாடி போலத் தொங்கும் பாசியும், புல்வெளியில் தலை நிமிர்த்திப் பார்க்கும் மரை மானும் போதும்.

அதையும் தாண்டி உலக முடிவுக்குப் போனவர்கள் அங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். வந்த வழியே திரும்பினால் 4 கிலோமீற்றர், தெரிந்த பாதை. சுற்றை முடிக்கப் போனால் 5.5. வித்தியாசம் ஒன்றரைதானே என்று தோன்றும். ஆனால் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் செங்குத்தான, வழுக்கும் பகுதி ஆறாவது கிலோமீற்றரில், கால்கள் களைத்த பிறகு வருகிறது. இறங்கியதை ஏறவும் வேண்டும். அதன் பிறகு குறுக்கு வழி எதுவும் கிடையாது. மூன்றரை கிலோமீற்றரும் யாரோ ஒருவரின் தோளில்தான் கழியும். எங்கள் எண்ணத்தில், பத்து வயதுக்குக் கீழே முழுச் சுற்று வேண்டாம்.

விளிம்பைப் பற்றி. உலக முடிவின் பள்ளம் ஏறத்தாழ 870 மீற்றர், சிறியதன் பள்ளம் ஏறத்தாழ 270. "சிறிய" என்ற பெயர் பெற்றோரை அசட்டையாக இருக்க வைக்கிறது. விளிம்புக்கு இருபது மீற்றருக்கு முன்பே எல்லோரையும் நிறுத்துங்கள். கைபேசி பைக்குள் போகட்டும். எந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் குறியுங்கள்: ஒரு பிள்ளைக்கு ஒருவர். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடும், மணிக்கட்டைப் பிடியுங்கள். எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் தள்ளி நின்று உட்கார வைத்துக் காட்டுங்கள். 2015இல் இங்கே படம் எடுக்கும்போது பின்னால் அடி வைத்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் விழுந்து, மரத்தில் தங்கி உயிர் தப்பினார். ஆகவே "கொஞ்சம் பின்னுக்குப் போ" என்ற சொல்லே அங்கே வரக்கூடாது.

குளிர்தான் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது. இந்த இடம் 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. காற்று அடித்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய உலரும் துணி, மேலே கம்பளி, அதற்கு மேல் மழைக்கோட்டு என்று மூன்று அடுக்கு வேண்டும். மழைக்கோட்டு சிவப்பு அல்லது மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளையும் சாம்பலும் மூடுபனியில் பத்தடியிலேயே கரைந்துவிடும். முதுகில் சுமக்கும் பிள்ளையைத் தனியாகக் கவனியுங்கள். சுமப்பவருக்கு வியர்க்கும், அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு விறைக்கும். கையைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கை எப்படியும் சில்லென்றுதான் இருக்கும். சட்டைக் கழுத்துக்குள் பிடரியில் இரண்டு விரலை வையுங்கள். அங்கே சூடு இல்லையென்றால் உடனே நின்று, ஈரத்தை மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். வெயில் வந்தால் தொப்பி கட்டாயம். உயரம் கூடக் கூட வெயிலின் எரிப்பும் கூடும்.

சாப்பாடு விடயத்தில் வாயிலில்தான் குழப்பம். பொலித்தீன் பையை உள்ளே விடமாட்டார்கள், பைகளைத் திறந்து பார்ப்பார்கள். அந்த விதி நல்ல விதி. ஆனால் முதலே தெரியாவிட்டால் பிஸ்கட்டை உறையிலிருந்து பிரித்துக் கையில் அள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் இரவே அவித்த கடலை, முட்டை, வாழைப்பழம், பணிஸ் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். பிள்ளைக்கு ஒரு லீற்றர் தண்ணீர். முக்கால் மணிக்கு ஒரு தடவை, பசிக்கு முன்பே, இரண்டு வாய் கொடுங்கள். பழத்தோலும் பம்பர்ஸும் இன்னொரு டப்பாவில் திரும்பி வர வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் மரை கிட்ட வரும். ஊட்டாதீர்கள், ஊட்டிப் படம் எடுக்க விடாதீர்கள். கொம்புள்ள ஆண் மரை தலையை ஒரு தடவை திருப்பினால் அது பிள்ளையின் முக உயரத்துக்குத்தான் வரும்.

கடைசியாக, சாரதிகளுக்கு. இரவு முழுக்க ஓடி, வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளையை விடியற்காலை வாயிலில் இறக்காதீர்கள். நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ ஓர் இரவு தங்குங்கள். அந்த இரவின் செலவைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேருங்கள், பெற்றோர் கொடுப்பார்கள். மறுநாள் நடை முடிந்து வேனில் ஏறும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் உலர்ந்த காலுறை ஒரு சோடி இருக்கையிலேயே இருக்கட்டும். கதவை மூடுமுன் தலைகளை எண்ணுங்கள், பிறகு குப்பை டப்பாக்களையும்.