காட்பாடியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல். அடுத்த மாதம் உனக்கு முட்டி ஆபரேஷன் என்று கோபால் சொன்னான். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

சரோஜா கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தது உனக்குத் தெரியும். கட்டைப் பிரித்த சில நாளில் அந்தக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது; விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை எண்ணெய் தேய்த்து நீவிவிட வந்தார், நான் விடவில்லை. டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் தொடை ரத்தக்குழாய் வரை ரத்தம் உறைந்திருக்கிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, கூடவே வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 2-ஐத் தாண்டி நிலைத்த பிறகுதான் ஊசியை நிறுத்தினார்கள். அது 2-க்கும் 3-க்கும் நடுவிலேயே இருக்க வேண்டுமாம். குறைந்தால் மறுபடி உறையும், ஏறினால் பல் தேய்த்தாலே ரத்தம் வரும். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த சரக்கு இந்த வார்ஃபரின்! 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்திருக்கிறார்கள். முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் கூடை கூடையாய், மறு வாரம் சுத்தமாய் இல்லை என்று மட்டும் இருக்கக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டதா, "கால் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று தினமும் ராத்திரி சண்டை. மாத்திரை ரத்தக்கட்டியைக் கரைப்பதில்லை சேகர். மேலும் வளராமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கரைப்பது உடம்பே மெதுவாகச் செய்கிற வேலை. குறைந்தது 3 மாதமாவது வேண்டும் என்கிறார் டாக்டர். பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று இவளுக்கு எப்படிப் புரிய வைப்பேன்!

நீயும் இவளுக்குச் சளைத்தவன் இல்லை. எதற்கும் "பார்த்துக்கலாம்" என்பாய்! முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். தடுக்க என்ன மருந்து, எத்தனை நாள் என்று உன் டாக்டரிடம் முன்கூட்டியே கேள். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகள் எல்லாம் இப்போது வந்திருக்கின்றன. எது உனக்கு ஒத்துவரும் என்பதை அவர் சொல்லட்டும். நீ போடுகிற ஆஸ்பிரினையும் வலி மாத்திரைகளையும் மறைக்காமல் சொல். எழுந்து நடக்கச் சொன்னால் நட. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

தேதி தெரிந்ததும் எழுது. லால்பாக் ரயிலில் ஏறி வந்து முதல் வாரம் கூடவே இருக்கிறேன். சரோஜாவின் மாத்திரையை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவேன்.

அன்புடன்,
மணி