கூழைக்கடாவுக்கு இடமில்லாத பூங்கா

அன்பு நண்பா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சில வாரங்களுக்குத் திரைப்பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொன்னதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கணினி விளையாட்டில் நீ கட்டிவைத்திருக்கும் உயிரியல் பூங்கா எங்கும் ஓடிவிடாது. இந்தக் கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேள். அவளும் அந்த விளையாட்டு பிடித்தவள்தானே.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டுவலி இருக்கிறது, அதற்கு மருந்து நடைதான் என்கிறார்கள். வெறுமனே தெருவில் நடக்க எனக்குப் பொறுமை இல்லாததால், போய்வரும் தூரத்தில் இருக்கிற உயிரியல் பூங்காக்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் நடக்கிறேன். கையில் ஒரு குறிப்பேடு. அதில் நம் பிளானட் ஸூ என்ற அந்தப் பூங்கா கட்டும் விளையாட்டில் உள்ள விலங்குகளின் பட்டியல். பார்த்த விலங்கு பட்டியலில் இருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் பின்பக்கத்தில் பெயர். பின்பக்கம்தான் சீக்கிரம் நிறைகிறது.

“வாத்து மூக்குள்ள பிளாட்டிபஸ்வரை வந்துவிட்டது, இனி இந்த விளையாட்டில் என்ன குறை?” என்று நீ கேட்டிருப்பதால் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பறவைகள். நீ அந்த விளையாட்டுக்குத் தனி விலையில் வந்த கூடுதல் விலங்குத் தொகுப்புகளை வரிசையாக வாங்கிச் சேர்த்தவன். நான் 2019 நவம்பரில் வந்த முதல் பதிப்போடு நின்றுகொண்டவன். அந்த முதல் பதிப்பில் இருந்த பறவைகள் மூன்றே மூன்று: நெருப்புக்கோழி, பூநாரை, மயில். மூன்றும் தரையில் நடக்கின்றன. நெருப்புக்கோழியை விடு, அது எங்கேயும் நடப்பதுதான். பூநாரையும் மயிலும் என்ன பாவம் செய்தன? பிறகு வந்த தொகுப்புகளில் பென்குயின், காசோவரி, ஈமு, கிவி, அன்னம் என்று சேர்த்தார்கள். பார், மறுபடியும் நடக்கிற, நீந்துகிற கூட்டம்தான். வௌவாலையும் வண்ணத்துப்பூச்சியையும் பார்வையாளர்கள் உள்ளே நடந்துபோகும் ஒரு கூடத்துக்குள் பறக்கவிட்டார்கள். ஆனால் அந்தக் கூடம் அவர்கள் செய்து தந்த வடிவம், நாம் கட்டியதல்ல.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. சிங்கத்துக்குத் தரை போதும். நாம் குன்று வைத்தாலும் குழி வெட்டினாலும் அது தரையோடு தரையாக வழி கண்டுபிடித்துவிடும். பறவைக்கு அப்படியல்ல. நாம் இஷ்டத்துக்கு நட்டுவைத்த மரம், தூண், கம்பிவலை எல்லாவற்றையும் அது பறந்தபடியே தவிர்க்க வேண்டும், வளைந்து வந்து சரியான கிளையில் கால் வைக்க வேண்டும், அதுவும் இருபது பறவைகள் ஒரே நேரத்தில். ஒரு கழுகு தூணுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அதனால் தொடவில்லை. புரிகிறது. ஆனால் ஆந்தையும் இருவாச்சியும் கழுகும் இல்லாத ஒன்றைப் பூங்கா என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் 1971 முதல் பறவைகளுக்கென்றே ஜூரோங்கில் ஒரு பூங்கா நடந்தது. 2023 ஜனவரியில் அதை மூடி, அதே ஆண்டு மண்டாயில் புதிய இடத்தில் திறந்தார்கள். பறவையை மட்டும் பார்க்க மக்கள் டிக்கெட் எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? லண்டன் பூங்காவில் 1965-இல் கட்டிய ஸ்னோடன் பறவைக் கூடத்துக்குள் மனிதர்களே நடந்து போகலாம். அந்தக் காலத்தில் அது புதுமை. இப்போது அதைக் கொலோபஸ் குரங்குகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களின் புத்தி அசல் பூங்காவுக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ!

கூழைக்கடாவுக்கு இரை கொடுப்பதை நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? பணியாளர் வாளியோடு வருவதற்கு முன்பே காலடிச் சத்தம் கேட்டு எல்லாம் கரைக்கு வந்துவிடுகின்றன. மீனை எறிந்ததும் முந்திய ஒன்று வாயைத் திறக்கிறது. அலகின் கீழே தொங்கும் தோல் தண்ணீரோடு சேர்த்து மீனை அள்ளிக்கொள்கிறது. உடனே விழுங்குவதில்லை. அலகை மார்போடு சாய்த்து, தண்ணீரெல்லாம் ஓரம் வழியாக வடியும்வரை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் தோலுக்கு உள்ளே மீன் துள்ளுவது வெளியே தெரிகிறது. பிறகு தலையை மேலே தூக்கி ஒரே விழுங்கு. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் புலிக்குக்கூட அப்படிக் கத்தவில்லை. அந்தப் பறவை பறக்கவும் இல்லை; குளத்தோரம் நின்றபடியே இவ்வளவும் நடந்தது. ஆகவே பறக்கவிடுவது கடினம் என்ற சாக்கு கூழைக்கடாவுக்குச் செல்லாது. அன்னத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு இதைக் கொண்டுவர என்ன தடை?

அடுத்தது மான். முதல் பதிப்பில் கொம்பு உதிர்ந்து முளைக்கும் மான் ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்காவின் நிரந்தரக் கொம்பு இனங்கள் நிறைய இருந்தன. பனிமான், மூஸ் போன்றவை எல்லாம் பின்னால் வந்தவை. அசல் பூங்காவிலோ மானில்லாத இடமே இல்லை. நாலு அடைப்புக்கு ஒன்று மான் அடைப்பு. பார்வையாளர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரியான பருவத்தில் போய்ப் பார். முளைக்கும் கொம்பின் மேல் மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் காய்ந்து உரியத் தொடங்க, மான் அதைக் கம்பத்தில் தேய் தேயென்று தேய்க்கும். கிழிந்த தோல் சிவப்பு நாடாவாகக் கண்ணுக்கு முன்னால் தொங்கும். அடைப்புக்குள் இருக்கிற மரங்களின் அடியில் கம்பிவலை சுற்றியிருப்பது எதற்காக என்று நினைக்கிறாய்? இந்தத் தேய்ப்புக்குத்தான்.

மானைச் சாதாரணமாக நினைப்பவர்களிடம் நான் பெரே டேவிட் மானைப் பற்றிச் சொல்வதுண்டு. சீனச் சக்கரவர்த்தியின் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டத்தில் மட்டும் மிச்சமிருந்த மான் அது. 1865-இல் ஆர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். 1895-இல் வெள்ளம், 1900-இல் கலகம். சீனாவில் ஒன்று விடாமல் போய்விட்டது. ஐரோப்பியப் பூங்காக்களில் சிதறிக் கிடந்த 18 மான்களை இங்கிலாந்தின் பெட்ஃபர்ட் பிரபு தன் உவோபர்ன் தோட்டத்தில் ஒன்றுசேர்த்தார். 1985-இல் அவற்றின் சந்ததி பெய்ஜிங் அருகே பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. பூங்காக்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல கதை கிடையாது. அந்தக் கதையின் நாயகன் ஒரு மான், பாண்டா அல்ல.

பாண்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. விளையாட்டில் இல்லாததைப் பேசுகிறோம். இருப்பதையும் கொஞ்சம் பார். பாண்டா, ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபி, சீன அழுங்கு ஆகியவை முதல் நாளிலிருந்தே கிடைக்கின்றன. அசலில் பாண்டா சீனாவின் சொத்து. அமெரிக்கப் பூங்காக்கள் ஒரு ஜோடிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்வரை கொடுத்துக் கடனாகப் பெற்றிருக்கின்றன. சீன அழுங்கை உயிரோடு வைத்திருப்பதே பெரிய வித்தை. எறும்பும் கறையானும் தின்று பழகிய வயிற்றுக்கு வேறு எது கொடுத்தாலும் ஒத்துக்கொள்வதில்லை. தைபே பூங்கா பல ஆண்டுகள் பாடுபட்டு அதைக் கற்றுக்கொண்டது. அங்கிருந்து 2022-இல் ஒரு ஜோடி பிராக் நகரத்துக்குப் போய், 2023-இல் அங்கே குட்டி போட்டபோது அது ஐரோப்பாவுக்கே செய்தியானது. நீ பெருமைப்படும் பிளாட்டிபஸும் அப்படித்தான். 2019-இல் சிட்னியின் தாரோங்கா பூங்காவிலிருந்து ஒரு ஜோடி சான் டியேகோ சஃபாரி பூங்காவுக்கு வந்தது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆஸ்திரேலியாவுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. உன் பூங்காவில் எத்தனை ஜோடி வைத்திருக்கிறாய்?

கிடைக்காதது எல்லாம் கைக்குக் கிடைக்கிறது, கிடைப்பதுதான் கிடைக்கவில்லை. தொகுப்பு விற்க அட்டையில் ஒரு முகம் வேண்டும். கூழைக்கடாவின் முகத்துக்கு அந்த மவுசு இல்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள். வியாபாரம் என்று பார்த்தால் தவறில்லை.

ஆனால் பின்பக்கத்தை எழுத எழுத எனக்கு வேறொன்று பிடிபட்டது. புதிய இனங்களை எத்தனை சேர்த்தாலும் அந்தக் குறை தீராது. விளையாட்டில் இருக்கிற சிங்கம் “மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கம்”. அதன் அப்பா அம்மா யார், இனப்பெருக்கத் திறன் எத்தனை சதவீதம், நோய் எதிர்ப்பு எத்தனை சதவீதம் என்று எல்லாம் எழுதியிருக்கும். காட்டில் அந்தச் சிங்கங்கள் சில நூறுதான் மிச்சம். அசல் பூங்காக்களில் இருக்கிற சிங்கங்களில் பலவற்றுக்கு இன்ன நாடு, இன்ன உள்ளினம் என்று சொல்ல ஆதாரமே இல்லை. பல தலைமுறைக்கு முன்பே கலந்துவிட்டவை. என் பட்டியலில் அதற்கு டிக் போடுவதா, பின்பக்கத்தில் எழுதுவதா என்று தெரியாமல் பேனாவைத் திறந்தபடியே கூண்டின் முன்னால் நின்றிருக்கிறேன்.

யாரும் தேடிப் போய் வாங்காத விலங்குகள் இன்னும் உண்டு. கடத்தல்காரர்களிடமிருந்து பிடித்து ஒப்படைத்த ஆமைகள். வீட்டில் வளர்த்து, பெரிதானதும் கொண்டுவந்து விட்ட மலைப்பாம்பு. கிணற்றிலிருந்து தூக்கிய நரி. ஒரு சிறகு முறிந்த பருந்தை ஓரமாக ஒரு கூண்டில் வைத்திருந்தார்கள், பலகைகூட இல்லை. கேட்டதற்கு, “இனிமேல் இதற்குப் பறக்க வராது, வேறு எங்கே போகும்?” என்றார் பணியாளர். விளையாட்டில் வேண்டாத விலங்கை என்ன செய்கிறாய்? ஒரு பொத்தான். காட்டில் விடுவித்தாயிற்று, அதற்குப் பாதுகாப்புப் புள்ளியும் கணக்கில் ஏறிவிடும். அசலில் கூண்டில் பிறந்ததை அப்படி அவிழ்த்துவிட முடியுமானால், பெரே டேவிட் மானுக்கு எண்பது தொண்ணூறு ஆண்டு ஏன் ஆயிற்று? நிஜப் பூங்காவில், நடத்துபவர்கள் தேர்ந்தெடுத்த விலங்குகள் பாதி, வந்து சேர்ந்துவிட்ட விலங்குகள் பாதி என்றுதான் இருக்கிறது. உன் பூங்காவில் எல்லாமே நீ தேர்ந்தெடுத்தவை.

அழைக்காமலே வருபவை கணக்கிலேயே சேராது. டெல்லிப் பூங்காவின் குளங்களில் காட்டு மஞ்சள் மூக்கு நாரைகள் ஆண்டுதோறும் தாமாக வந்து கூடு கட்டுகின்றன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் பூங்காவுக்கு வக்காக்கள் வசந்தம்தோறும் வருகின்றன. கூண்டுக்குள் இருக்கிற பறவையைப் பார்க்கக் காசு. கூண்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பது இலவசம். கூழைக்கடாவுக்கு எறிந்த மீனில் பாதியைக் கொக்குகள் கொத்திக்கொண்டு போவதையும் பார்த்தேன். பணியாளர் விரட்டவில்லை. வாளியில் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவருகிறார் என்று நினைக்கிறேன்.

2001-இல் வந்த ஸூ டைகூனில் ஓர் அடைப்புக்கு “ஸனாடு” என்று பெயர் வைத்தால் யூனிகார்ன் கிடைக்கும் என்று நீதான் கண்டுபிடித்து வந்து சொன்னாய். உலகத்தில் இல்லாத விலங்குக்கே அன்று இடம் இருந்தது! அந்தத் தாராளம் இப்போது ஒரு வாத்துக்காவது வரட்டும்.

கண் தெளிந்ததும் ஒரு வேலை செய். உனக்குப் பக்கத்தில் இருக்கிற பூங்காவுக்குப் பேத்தியோடு போ. புலி, சிங்கம், யானை இருக்கிற பக்கம் அவள் போகட்டும். நீ மற்ற அடைப்புகளின் பலகைகளை மட்டும் எழுதிக்கொண்டு வா. பலகை இல்லாத கூண்டு இருந்தால் பணியாளரைக் கேட்டு, அந்த விலங்கு எப்படி அங்கே வந்தது என்பதையும் எழுது. உன் பட்டியலை என் பின்பக்கத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்தை மறக்காதே. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி