குவாரிக்குக் கூட்டம் உண்டு, சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராதாபுரம் பக்கம் பெரிய கல்குவாரி ஒன்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால் என்னென்ன நடக்க வேண்டும் என்பது நம் மாவட்டத்தில் பலருக்கும் பழகிய விஷயம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேச்சு முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும். நடைமுறையில் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனாலும் யார் என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் வந்தது என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் பி.எஃப்., பணிக்கொடை, பேறுகாலப் பயன் ஆகியவற்றைத் திருத்தி எழுதிய சட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. நடத்த வேண்டும் என்ற விதியும் இல்லை.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்த வழியைப் பாருங்கள். 2019 டிசம்பர் 11 அன்று மக்களவையில் மசோதா அறிமுகமானது. அம்மாதமே பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான, எம்.பி.க்கள் அடங்கிய நாடாளுமன்றத் தொழிலாளர் நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போனது. 2020 ஜூலை 31 அன்று குழுவின் அறிக்கை சபாநாயகரிடம் சென்றது. செப்டம்பர் 19 அன்று பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுப் புதிய மசோதாவை அரசு வைத்தது. 22 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 9 சட்டங்களை விழுங்கி 164 பிரிவுகளோடு வந்த தொகுப்புக்கு இரு அவைகளும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஐந்தே நாள். அதிலும் எதிர்க்கட்சிகள் அவைப் புறக்கணிப்பில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

குழுவில் ஆய்வே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது, நல்ல பரிந்துரைகளும் வந்தன. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி என்பதை ஓராண்டாகக் குறைக்கச் சொன்னது அந்தக் குழுதான். சட்டத்தில் குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு மட்டும் கால விகிதப்படி பணிக்கொடை கிடைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அதே ஐந்து ஆண்டுதான். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குக் குழு தந்த 233 பரிந்துரைகளில் 174 ஏற்கப்பட்டன என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மீதி 59 ஏன் தள்ளப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் குழுவின் முன் அதிகாரிகள் சொன்ன காரணம் என்ன? மக்களவை நடைமுறை விதி 266இன்படி குழுக் கூட்டங்கள் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். அவையில் வைக்கப்படாத சாட்சியத்தை சபாநாயகர் அனுமதியின்றி யாரும் பார்க்க முடியாது என்கிறது விதி 275. அறிக்கை வெளிவரும், பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பும் இருக்கும். கேள்வியும் பதிலும் சொல்லுக்குச் சொல் இருக்காது.

அதனால் என்ன நஷ்டம் என்பவருக்குப் பீடித் தொழிலையே காட்டலாம். 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் ஊழியர் என்றால், நிறுவனத்தின் வேலையிலோ அந்த வேலை தொடர்பாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர். ‘தொடர்பாக’ என்ற சொல்லைப் பிடித்துத்தான் 1985இல் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து பீடி சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று தீர்ப்பளித்தது. சுற்றிக் கொடுத்த பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருப்பதே மேற்பார்வைக்குச் சமம் என்றும் நீதிமன்றம் கண்டது. புதிய தொகுப்பில் வரையறையின் வாசகம் வேறு: நிறுவனத்தால் நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் மூலமோ அமர்த்தப்பட்டவர் ஊழியர். அதே 2ஆம் பிரிவில் ‘வீட்டிலிருந்து வேலை செய்பவர்’ என்றும் ஒரு வரையறை இருக்கிறது. அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பி.எஃப். இருப்பது மூன்றாம் அத்தியாயத்தில். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அது கட்டாயம். அமைப்புசாராத் தொழிலாளருக்கு ஒன்பதாம் அத்தியாயம். அங்கே இருப்பது அரசு அவ்வப்போது வகுக்கும் நலத்திட்டம். இலையும் தூளும் கடையில் வாங்கி வீட்டில் சுற்றும் முக்கூடல் பெண் இதில் எந்த அத்தியாயத்தில் நிற்கிறார்?

இதை ஓர் உறுப்பினர் திறந்த அமர்வில் கேட்டு, தொழிலாளர் அமைச்சக அதிகாரி ‘மூன்றாம் அத்தியாயம்தான்’ என்று பதில் சொல்லி, அது அச்சேறியிருந்தால் நாளைக்கு ஒரு தரகரோ நிறுவனமோ கையை விரிக்கும்போது அந்தப் பக்கத்தை நீட்டலாம். நிலைக்குழு அறிக்கையைச் சட்ட விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பீடித் தொழிலாளர் நலநிதிக்காகப் பீடி மீது வசூலித்த தீர்வை 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டதே, தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு இனி எந்தக் கணக்கிலிருந்து பணம் என்ற கேள்வியும் அப்படிப் பதிவாகியிருக்க வேண்டிய ஒன்று.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். அங்கே சமூகப் பாதுகாப்பு மசோதா 2017 ஜூனில் வந்தது. முதல் கட்டத்தில் சமூகப் பாதுகாப்புக் குழு எழுத்துமூலக் கருத்துகளைக் கேட்டு வாங்கியது. பிறகு பொது அமர்வுகளில் உதவித்தொகை பெறுவோரின் அமைப்புகள், உள்ளாட்சிகள், சட்ட வல்லுநர்கள், கடைசியில் அமைச்சர் என்று வரிசையாக அழைத்துக் கேள்வி கேட்டது. பேச்சு நேரலையாகிறது, சொல்லுக்குச் சொல் பதிவும் வெளியாகிறது. பணக்கணக்கை நிதிக்குழுவும், விதி வகுக்கும் அதிகாரங்களை இன்னொரு குழுவும் தனியே பார்க்கின்றன. இரண்டாம் கட்டத்தில் பிரிவு பிரிவாகத் திருத்தங்கள் எடுக்கப்படுகின்றன. அதுவும் பொதுவில்தான். அமைச்சர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஏற்பா மறுப்பா என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். வாக்கெடுத்தால் யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகும். எனக்குப் பிடித்த நடைமுறை இன்னொன்று: ஏதாவது ஒரு பகுதியை மூடிய அறையில் பேச வேண்டுமானால், அப்படிப் பேசலாமா என்ற முடிவையே முதல் பொருளாக வைத்துப் பொதுவில் எடுக்கிறார்கள்.

பலன் இருந்ததா என்றால் இருந்தது. அந்த மசோதா முக்கிய விவரங்களில் பலவற்றைப் பின்னால் வரும் விதிகளுக்கு ஒதுக்கிவிட்டது என்ற குறை அமர்வுகளில் எழுந்தது. விதிகளின் வரைவைப் பரிசீலிக்க ஒரு தனி ஆணையம், முதல் மசோதாவில் இல்லாதது, பிறகு சட்டத்துக்குள் வந்தது. 2018 ஏப்ரல் 25 அன்று சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

மூடிய அறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வெறும் சாக்கல்ல. கேமரா இல்லாத இடத்தில் உறுப்பினர்கள் கட்சி மறந்து பேசுகிறார்கள், விட்டுக்கொடுக்கிறார்கள். உண்மைதான். அந்த விட்டுக்கொடுப்பு தேவைப்படுவது வரைவு அறிக்கையைப் பேசும்போது. அதை ஸ்காட்லாந்திலும் பெரும்பாலும் தனியாகவே பேசுகிறார்கள். அமைச்சக அதிகாரியும் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் சாட்சியம் சொல்லும் பகுதிக்கு அந்த வாதம் பொருந்தாது. தரகருக்குப் பயப்படும் தொழிலாளி பெயர் சொல்லாமல் பேச மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். மக்களவை விதி, மக்களவையே மாற்றிக்கொள்ளக்கூடியது.

விதி மாறும்வரை, மசோதா பற்றிக் கருத்துக் கேட்டுக் குழு விளம்பரம் செய்யும்போது நாம் அனுப்பும் மனுவாவது உருப்படியாக இருக்கட்டும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்கிறார்கள், 2 பிரதி. நாள் ஓடிவிடுவது மொழிபெயர்ப்பில்தான். ஆகவே மசோதா அறிமுகமான அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். ‘தொழிலாளர் விரோத மசோதாவை எதிர்க்கிறோம்’ என்று ஒரே வாசகத்தில் நூறு கடிதம் போனால், குழுச் செயலகம் அதை ஒரே கருத்தாகத்தான் எடுக்கும். பிரிவு எண், அதில் இப்போதுள்ள வாசகம், அதனால் யாருக்கு என்ன போகும், மாற்றாக நாம் கேட்கும் வாசகம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் நாலைந்து வரி எழுதினால் போதும். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் என்பதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குழுவிடம் தந்த மனு குழுவின் ஆவணமாகிவிடுவதால், அனுப்பிய பிறகு அதை வெளியிடக் கூடாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டம் வந்தாயிற்று, இனி என்ன என்று விட்டுவிட முடியாது. எந்தச் சலுகை யாருக்கு, எப்படிப் பதிவு, எவ்வளவு பங்களிப்பு என்பதெல்லாம் விதிகளில்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு விதிகளுக்குக் கருத்துச் சொல்ல 45 நாள் தந்தார்கள். தமிழில் அதைப் படித்து நம் பீடிக்கடை வாசல்களில் யார் விளக்கினார்கள்? விதிகளும் திருத்தங்களும் நாடாளுமன்றத்தின் மேசைக்கு 30 நாள் வர வேண்டும், சார்நிலைச் சட்டக் குழுவும் அவற்றைப் பார்க்க முடியும்.

திருநெல்வேலி, தென்காசி மக்களவை உறுப்பினர்களிடம் என் கோரிக்கை இது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர் எந்த அத்தியாயத்தில் வருகிறார் என்ற கேள்வியை எழுத்துமூலம் அவையில் கேளுங்கள். தமிழில் வரும் மனுவை ஏற்று மொழிபெயர்க்கும் பொறுப்பைக் குழுச் செயலகமே எடுக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் நிலைக்குழுவின் ஆய்வுப் பயணம் ஒன்றை இங்கே கொண்டுவந்து, பாளையங்கோட்டையிலோ ஆலங்குளத்திலோ ஊர் கேட்க ஓர் அமர்வு நடத்த வையுங்கள். பெண்கள் இலை, தூள் வாங்கவும் கட்டு ஒப்படைக்கவும் கடைக்குப் போகும் நேரத்தைத் தவிர்த்து, அன்றைய கூலிக்கும் வழி செய்து வைத்தால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.