வாசல் கோலம் நான் போடுகிறேன்

அன்புள்ள ராஜிக்கு,

அம்மா எழுதுவது. போன கடிதத்தைவிட எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதா? "பெரிசா, பெரிசா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது என் கையிலிருந்த கோலமாவு டப்பாவை வாங்கிக்கொண்டு, "நீ உட்காரும்மா" என்றாய். பாசத்தில்தான் செய்தாய், தெரியும். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எனக்கு வந்திருக்கிற இந்தப் பார்க்கின்சன் நோய், மூளையில் டோபமின் என்கிற, உடல் அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் அழிவதால் வருவது. கை மெதுவாவதோடு அதன் வீச்சும் சுருங்கிவிடுகிறது. சுருங்குவது நமக்கே தெரியாது, அதுதான் கொடுமை. 15 புள்ளி வைத்தேன், எல்லாம் ஒரே அளவு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் இடது ஓரத்தில் நாலு விரல் இடைவெளி, வலது ஓரத்தில் ஒரு விரல்கூட இல்லை.

பிசியோதெரபி பெண் வாரம் 4 நாள், ஒரு மணி நேரம் வீதம், 4 வாரம் கையை அகல வீசச் சொல்லிக்கொடுத்தாள். "அதிகமா வீசுற மாதிரி உங்களுக்குத் தோணும். அதுதான் சரியான அளவு" என்பாள். எத்தனை பெரிய உண்மை!

அப்புறம் அப்பா மொட்டைமாடித் தரையில் வெள்ளை பெயின்டால் புள்ளி வைத்துக் கொடுத்தார். 9 புள்ளி, ஊடுபுள்ளி 5 வரை. கண்ணுக்கு எதிரே புள்ளி இருந்தால் கை அதை எட்டிப் பிடிக்கிறது. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, மணையில் உட்கார்ந்து தினமும் போடுகிறேன். நடுவில் அப்பா பால் கணக்கு கேட்டால் போதும், இழை குறுகிவிடும். அதனால் அந்த நேரத்தில் அவர் பேசுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து, பெயின்ட் இல்லாத பக்கம் போட்டுப் பார்த்தேன். கடைசிப் புள்ளி வரை மூன்று விரல் இடைவெளி நின்றது ராஜி! நோய் போகவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட இன்னும் திணறுகிறேன், அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். ஆனால் இந்தக் கைக்கு இன்னும் கற்றுக்கொள்ளத் தெரிகிறது. மெதுவாக, நிறைய தடவை செய்தால் வருகிறது. நீங்கள் எல்லாம் செய்துகொடுத்துவிட்டால் அது எங்கே பழகும்?

பொங்கலுக்கு வா. வாசல் கோலம் நான் போடுகிறேன், எத்தனை நேரம் ஆனாலும். நீ காவி மட்டும் கட்டு.

அன்புடன்,
அம்மா